துண்டு வெட்டிய பிறகு தொடங்கும் நோய்

தலையில் பலத்த அடிபட்டு வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அடுத்த ஒரு வருடத்துக்குள் மனச்சோர்வு நோய் வருகிறது. அவர்களில் பலருக்குப் பதகளிப்பும் கூடவே வருகிறது. தையல் பிரித்து, துண்டு வெட்டி, ஆள் வீட்டுக்கு வந்து, பார்க்க வந்த சனமெல்லாம் போய்ச் சந்தடி அடங்கிய பிறகுதான் இது தலைகாட்டும். அதனால் பட்ட அடிக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு வீட்டாருக்குத் தெரிவதில்லை. காயத்தைத் தைத்த சத்திரசிகிச்சைப் பிரிவுக்கும் பல வேளைகளில் தெரிவதில்லை.

இந்தக் கணக்கு அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 559 நோயாளரை ஒரு வருடம் தொடர்ந்து விசாரித்து 2010இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. அவர்களில் 53 சதவீதமானோர் அந்த வருடத்தில் ஒரு தடவையாவது கடும் மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்தனர். அக்காலத்தில் அந்நாட்டுப் பொதுமக்களிடையே ஒரு வருடத்தில் அந்த நோய் வந்தது ஏழு சதவீதத்துக்கும் குறைவானோருக்கே. மனச்சோர்வு வந்தவர்களில் 60 சதவீதமானோருக்குப் பதகளிப்பு நோயும் இருந்தது. வராதவர்களில் அது ஏழு சதவீதம். வசதி மிக்க அந்த நகரத்திலேயே மனச்சோர்வு வந்தவர்களில் பாதிக்கும் குறைவானோருக்குத்தான், அதாவது 44 சதவீதத்தினருக்குத்தான், அதற்கான சிகிச்சை கிடைத்தது.

கிழக்கிலங்கையின் அம்பாறைக் கரையோரத்திலும் தலைக்காயம் அபூர்வமான சங்கதியல்ல. பொத்துவிலிலிருந்து வரும் ஏ-4 நெடுஞ்சாலை அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று ஊருக்குள் ஊராகப் புகுந்து மட்டக்களப்புக்குப் போகிறது. கடைத்தெருவும் பள்ளிவாசலும் பாடசாலையும் சந்தையும் அதே வீதியின் இருபுறமும்தான். அதே வீதியில்தான் பஸ்ஸும் லொறியும் முச்சக்கரவண்டியும் மோட்டார் சைக்கிளும் ஓடுகின்றன. வேளாண்மை வெட்டும் காலத்தில் உழவு இயந்திரங்களும் அறுவடை இயந்திரங்களும் சேர்ந்துகொள்ளும். தென்னையில் ஏறி விழுபவர், கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுபவர், குளியலறையில் வழுக்கும் வயோதிபர் என்று வாகனமில்லாத விபத்துகளும் உண்டு. கட்டார், சவூதி, குவைத் என்று போய் அங்கே வேலைத்தளத்தில் அடிபட்டு, அரைகுறைக் கடதாசிகளோடு திரும்பிவருவோர் வேறு. ஹெல்மட் அணிந்தால் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலைக்காயம் 69 சதவீதத்தாலும் மரணம் 42 சதவீதத்தாலும் குறைகிறது என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த முடிவு. சட்டமும் ஹெல்மட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனாலும் பக்கத்துக் கடைக்குப் போகிறவருக்கும் சுபஹுத் தொழுகைக்குப் போகிறவருக்கும் ஹெல்மட் வீட்டு ஆணியிலேயே தொங்குகிறது.

அடியின் கடுமையை அளக்க உலகெங்கும் கிளாஸ்கோ அளவுகோல் பயன்படுகிறது. கண் திறத்தல், பேச்சு, கைகால் அசைவு மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை புள்ளி கொடுக்கும் இந்த முறையை ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர்களான டீஸ்டேல், ஜெனட் இருவரும் 1974இல் வெளியிட்டனர். 13 முதல் 15 வரை இலேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8 அல்லது அதற்குக் கீழ் கடுமை. உயிர் ஆபத்தைக் கணிக்க இது நல்ல கருவி. பின்னால் வரும் மனநோயைக் கணிக்க உதவாது. இலேசான அடிபட்டவருக்கும் மனச்சோர்வு வரும். அத்தகைய 1155 பேரை ஆராய்ந்து 2019இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வில், ஆறு மாதம் கழித்து 21 சதவீதமானோருக்கு மனச்சோர்வோ, அதிர்ச்சிக்குப் பின் தொடரும் மனவடு நோயோ இருந்தது. தலை தவிர்ந்த வேறு இடங்களில் காயமடைந்தவர்களில் அது 12 சதவீதம். விபத்தின் அதிர்ச்சி இரு சாராருக்கும் பொதுவானது. எஞ்சிய வித்தியாசத்தில் மூளை பட்ட அடிக்கும் பங்கு இருக்கிறது.

மண்டையோட்டின் உட்புறம் எல்லா இடத்திலும் வழுவழுப்பாக இருப்பதில்லை. நெற்றிக்குப் பின்னாலும் காதுப்பொட்டுக்கு உள்ளாலும் எலும்பு கரடுமுரடானது. ஓடிவந்த வாகனம் சட்டென்று நிற்கும்போது மூளை முன்னும் பின்னும் குலுங்கி அந்த முரட்டு எலும்பில் உரசுகிறது. அதனால் அடி பின்மண்டையில் பட்டிருந்தாலும் முன்மூளையின் அடிப்பகுதியும் பக்கமூளையின் நுனியும் கன்றிப்போவது வழக்கம். கோபத்தை அடக்குவது, பயத்தைத் தணிப்பது, காரியத்தைத் தொடங்குவது, செய்ததில் திருப்தி காண்பது ஆகியவை பெரும்பாலும் அந்தப் பகுதிகளின் வேலை. குலுக்கலில் நீண்ட நரம்பிழைகளும் இழுபட்டுச் சேதமாகின்றன. மனநிலையைச் சீராக வைக்கும் செரட்டோனின் போன்ற இரசாயனங்களை மூளையெங்கும் கொண்டுசெல்வது இப்படிப்பட்ட இழைகளே. சாதாரண சி.டி. ஸ்கேன் இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். இழைச் சேதத்தைப் பெரும்பாலும் காட்டாது. "ஸ்கேன்ல ஒண்டும் இல்லயாம்" என்ற செய்தி வீட்டுக்கு ஆறுதலாக வந்து, நோயாளிக்கு எதிரான சாட்சியாக மாறிவிடுகிறது. ஸ்கேனில் ஒன்றும் இல்லையென்றால் இவர் ஏன் கடைக்குப் போகாமல் படுத்தே கிடக்கிறார் என்று கேள்வி எழும்.

மூளைச் சேதம் மட்டுமே முழுக் காரணம் என்று சொன்னால் அதுவும் பிழை. வேலை போகிறது, கடன் ஏறுகிறது, நினைவு தப்புகிறது, நண்பர்கள் குறைகிறார்கள். இவையெல்லாம் மூளை சுகமாக இருப்பவரையே சோர்வில் தள்ளக்கூடியவை. முதல் வாரங்களில் பலருக்குத் தமக்கு ஏற்பட்ட குறை தெரியாது. எல்லாம் சரியாகிவிட்டது என்பார்கள், உடனே வாகனம் ஓட்டக் கேட்பார்கள். மூன்று, நான்கு மாதத்தில் தெளிவு கூடும்போதுதான் இழந்தது என்ன என்பது அவர்களுக்கே உறைக்கிறது. மற்றவர் கண்ணுக்கு ஆள் தேறிவருகிறார்; அவரோ அப்போதுதான் மூழ்கத் தொடங்குகிறார். கடுமையாக அடிபட்டு, தன் குறையை உணர முடியாத நிலையில் இருப்பவரைவிட, ஓரளவு தேறித் தன்னை உணர்ந்தவருக்கு மனச்சோர்வு அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கரையில் அந்த இழப்புக்குக் குறிப்பிட்ட ஒரு வடிவம் இருக்கிறது. கிழக்குக் கரையின் முஸ்லிம் ஊர்களில் திருமணம் முடித்த ஆண் பெண்வீட்டுக்கு வந்து வாழ்வதே வழமை. வீடு மனைவிக்குச் சீதனமாக வந்தது. பக்கத்து வளவுகளில் மாமியும் மனைவியின் ராத்தா, தங்கச்சிமாரும் இருப்பார்கள். அடிபட்டவரைப் பார்த்துக்கொள்ள ஆளுக்குக் குறைவில்லை என்பது இதன் நல்ல பக்கம். பிள்ளையைப் பிடிக்க ஒருவர், கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஒருவர், சோறாக்க ஒருவர் என்று வேலை பங்கிடப்படும். உழைத்துக் கொடுக்கும் காலம்வரை மருமகனுக்கு அந்த வீட்டில் இருந்த மரியாதை, உழைப்பு நின்றதும் ஆட்டங்காண்கிறது என்பது மறுபக்கம். யாரும் வாய்திறந்து ஒன்றும் சொல்லாவிட்டாலும், மாமி வீட்டில் வேலையின்றி உட்கார்ந்து சாப்பிடுவதாக அவருக்கே தோன்றிவிடும். தான் ஒரு பாரம், பயனற்றவன் என்ற எண்ணம் மனச்சோர்வின் முக்கியமான அறிகுறி. அந்த எண்ணம் வேர்விட இதைவிடத் தோதான நிலம் கிடைக்காது. சுகமாகும்வரை உம்மாவின் வீட்டுக்குப் போகிறேன் என்று நோயாளி அடம்பிடிப்பதும் அதனால் இரு குடும்பங்கள் முறுகிக்கொள்வதும் இப்படித்தான் தொடங்குகின்றன.

நோயை அடையாளம் காண்பது எளிதல்ல. தூக்கமின்மை, களைப்பு, தலையிடி, ஞாபகமறதி, கவனச்சிதறல் ஆகியவை மனச்சோர்வு இல்லாமலே தலைக்காயத்தால் மட்டும் வரும். ஆகவே வைத்தியர்கள் வேறு சில அறிகுறிகளை எடைபோட்டுப் பார்க்கிறார்கள்: முன்பு பிடித்தது எதுவும் இப்போது பிடிக்காமை, தன்மேல் வெறுப்பு, குற்றவுணர்வு, எதிர்காலம் இல்லை என்ற நினைப்பு. அழுகைக்குப் பதிலாக எரிச்சலாகவும் ஏச்சாகவும் மனச்சோர்வு வெளிப்படுவது தலைக்காயத்தில் சாதாரணம். பிள்ளைகள் "வாப்பாட குணமே மாறிட்டு" என்று சொல்வதை வைத்தியர் ஓர் அறிகுறியாகவே குறித்துக்கொள்ள வேண்டும். எதிலும் அக்கறையற்று, கவலையுமற்று, சும்மா இருப்பது வேறொரு நிலை. அது முன்மூளைச் சேதத்தின் நேரடி விளைவு. மனச்சோர்வு மருந்து அதற்கு அதிகம் உதவாது. காரணமேயில்லாமல் சில விநாடிகள் அழுகையோ சிரிப்போ பீறிட்டு அடங்குவதும் தனி நோய், அதற்கு மருந்து உண்டு.

பதகளிப்புக்குப் பல முகங்கள். மோட்டார் சைக்கிளில் ஏறவே மறுப்பது, ஹோர்ன் சத்தத்துக்கு உடல் விதிர்ப்பது, ஏ-4 வீதியைக் கடக்க முடியாமல் ஒழுங்கைக்குள்ளேயே நிற்பது ஆகியவை கண்ணுக்குத் தெரிந்தவை. விபத்து நடந்த நேரம் நினைவிலேயே இல்லாதவருக்கும் மனவடு நோய் வரலாம். மூளை மறந்த காட்சிக்கு உடல் பயப்படுகிறது. தெரியாமல் மறைந்திருக்கும் முகம் இன்னொன்று. ஞாபகம் குறைந்தவர் தொழுகையில் எத்தனை ரக்அத் முடிந்தது என்று தடுமாறுவார். தொழுகை கூடவில்லை என்ற பயத்தில் மறுபடி தொழுவார், வுழூவும் மறுபடி செய்வார். இது வஸ்வாஸ் என்று ஒதுக்கப்படும்போது, நினைவுக் குறையில் தொடங்கி பதகளிப்பில் வளரும் இந்தச் சுழல் யார் கண்ணிலும் படாமல் போகிறது. சுஜூதில் குனியும்போது தலை சுற்றுகிறவர் பள்ளிக்குப் போவதையே விட்டுவிடுவார். ஜும்ஆக் கூட்டமும் ஒலிபெருக்கியும் தாங்கமுடியாமல் விலகுபவரும் உண்டு. நோயாளி உட்கார்ந்து தொழலாம் என்ற சலுகை எல்லோருக்கும் தெரிந்ததே. வெளியே ஒரு காயமும் தெரியாத முப்பது வயது இளைஞன் கதிரையில் இருந்து தொழும்போது நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான் சிக்கல்.

புதிய பயம் பழைய பயங்களின்மேல் வந்து உட்காரும் ஊர்களும் இவை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அதிலும் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையோரம் நிலைகுலைந்தது. யுத்த காலத்தின் இழப்புகளும் 2019 ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் நடந்த குண்டுவெடிப்பும் நினைவிலிருந்து போகவில்லை. முன்பே மனச்சோர்வோ பதகளிப்போ வந்திருப்பது, தலைக்காயத்துக்குப் பின் அது மீண்டும் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. கிளினிக்கில் கேட்கும் கேள்விகள் விபத்து நாளிலிருந்து தொடங்கினால் இந்தப் பாதி விட்டுப்போகும்.

ஒருவர் மாறிப்போனால் கண்ணூறு, ஜின், ஆரோ செய்த சூனியம் என்று தேடுவது இங்கே முதற்படி. தண்ணி ஓதிக் குடிப்பது, நூல் கட்டுவது, கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக்கு நேர்ச்சை வைப்பது எல்லாம் நடக்கும். இவற்றால் மனத்துக்குக் கிடைக்கும் ஆறுதலை வைத்தியர் பழிக்க வேண்டியதில்லை. பழித்தால் குடும்பம் அதற்குப் பிறகு உண்மையைச் சொல்லாது. இரண்டு இடத்தில் மாத்திரம் தீங்கு வருகிறது. மருந்தை நிறுத்தச் சொன்னால் அது ஒன்று. ஈமான் குறைந்ததால்தான் மனம் உடைந்தது என்று நோயாளியிடமே சொல்லிவிடுவது மற்றது. தொடை எலும்பு முறிந்தவரிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. முன்மூளையும் உடம்பின் ஓர் உறுப்புத்தான் என்பதை விளங்கிய மௌலவி ஒருவர் ஜும்ஆப் பிரசங்கத்தில் ஐந்து நிமிடம் பேசினால், சுகாதாரப் பணிமனை அச்சடிக்கும் துண்டுப்பிரசுரங்கள் போகாத வீடுகளுக்கும் அது போகும்.

தற்கொலை பற்றிய கேள்வியை யாரும் கேட்பதில்லை. டென்மார்க்கில் 1980 முதல் 2014 வரையான பதிவுகளில் 74 இலட்சம் பேரை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வில், தலைக்காயப்பட்டவர்களிடையே தற்கொலை ஏனையோரைவிட ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. காயத்தையடுத்த முதல் ஆறு மாதங்களில் ஆபத்து மிக அதிகம். தற்கொலை ஹராம் என்பது இந்தச் சமூகத்தில் பெரிய காப்பு. ஆனால் அந்த எண்ணம் வந்துவிட்டவர் அதை வெளியே சொல்லாமல் மறைப்பதற்கும் அதுவே காரணமாகிறது. நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பது உறுதியாகத் தெரிந்த விடயம். வாழ்ந்து பயனில்லை என்ற பேச்சு வந்தால் பூச்சிநாசினியையும் மாத்திரைகளையும் பூட்டி வைத்து, ஆளைத் தனியே விடாமல், அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மனச்சோர்வு என்று முடிவுகட்டுமுன் தவறவிடக்கூடாத வேறு காரணங்கள் உண்டு. கபச் சுரப்பி மூளையின் அடியில் மெல்லிய காம்பில் தொங்குவதால் குலுக்கலில் எளிதில் பழுதாகும். 2007இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றில், தலைக்காயத்துக்குப் பிறகு பரிசோதிக்கப்பட்டவர்களில் கால்வாசிக்கும் சற்று அதிகமானோரிடம் அந்தச் சுரப்பியின் ஓமோன் குறைபாடு காணப்பட்டது. களைப்பு, உற்சாகமின்மை, தாம்பத்திய நாட்டமின்மை என்று அதன் அறிகுறிகள் மனச்சோர்வைப் போலவே இருக்கும். இரத்தப் பரிசோதனையில் தெரியும், ஓமோன் கொடுத்தால் தீரும். வயோதிபருக்குச் சிறிய அடி பட்டுச் சில வாரங்கள் கழித்து மூளைமேல் இரத்தம் மெல்லத் தேங்குவதும் இப்படியே மந்தமாகவும் சோர்வாகவும் வெளிப்படும். அதற்கு வழி சத்திரசிகிச்சை. வலிப்பைத் தடுக்கக் கொடுக்கும் லெவெட்டிரசெட்டம் மாத்திரையே சிலருக்கு எரிச்சலையும் சோர்வையும் கொண்டுவருகிறது. மாத்திரையை மாற்றினால் வீடே அமைதியாகும் சந்தர்ப்பங்கள் உண்டு. அதைத் தானாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், ஆகவே வைத்தியரைக் கேட்டே மாற்ற வேண்டும்.

சிகிச்சையில் முதலாவது விளக்கம். வந்திருப்பது காயத்தின் பகுதி, பெரும்பாலும் குறையக்கூடியது என்று நோயாளிக்கும் வீட்டாருக்கும் ஆரம்பத்திலேயே எடுத்துச் சொல்வது பதகளிப்பைக் குறைக்கிறது. இரண்டாவது நடமாட்டம். இலேசான காயத்துக்கு முதல் ஓரிரு நாள் ஓய்வு போதும், பிறகு படிப்படியாக வேலைக்குத் திரும்ப வேண்டும். மாதக்கணக்கில் இருட்டறையில் படுக்கவைப்பது அன்பினால் செய்யும் கெடுதல். ஐந்து வேளைத் தொழுகை ஒரு நாளுக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கும் சட்டகத்தில் நடை, குளிப்பு, ஒரு சிறு வேலை, பிள்ளையின் பாடம் என்று ஒவ்வொன்றாக ஏற்றலாம். 1848இல் அமெரிக்காவில் வெடிவிபத்தில் இரும்புக் கம்பி முன்மூளையைத் துளைத்துக்கொண்டு போன ஃபினியஸ் கேஜ் என்ற தொழிலாளி, குணம் கெட்டுப்போனவர் என்றே பாடநூல்களில் புகழ்பெற்றவர். அவர் பிற்பாடு சிலி நாட்டில் பல வருடம் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பதைப் பல பாடநூல்கள் சொல்வதில்லை. நேரம் தவறாத, ஒரே ஒழுங்கிலான அந்த வேலை அவரைத் தேற்றியிருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

உளவளத்துணை தலைக்காயப்பட்டவருக்கு ஏற்ப மாற்றப்பட வேண்டும். அமர்வு குறுகியதாக, பேசியது கொப்பியில் எழுதப்பட்டதாக, ஒரே விடயம் பல தடவை சொல்லப்படுவதாக இருக்க வேண்டும். மனைவியோ தாயோ கூட இருந்து வீட்டில் நினைவூட்ட வேண்டும். மருந்துகளில் செர்ட்ரலின் வகையைச் சேர்ந்தவையே முதல் தெரிவு. அடிபட்ட மூளை பக்கவிளைவுகளை அதிகம் காட்டும் என்பதால் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல உயர்த்துவார்கள். பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் எடுக்கும். செர்ட்ரலின் நோய் வராமல் தடுப்பதாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. வந்த நோயை வெற்று மாத்திரையைவிட அது கூடுதலாகக் குணப்படுத்தவில்லை என்று 2017இல் இன்னோர் ஆய்வு காட்டியது. ஆக மாத்திரையை மட்டும் நம்பியிருக்க முடியாது. புப்ரோபியன் என்ற மனச்சோர்வு மருந்து வலிப்பைத் தூண்டக்கூடும். டயசிபாம் வகை மாத்திரைகள் பதற்றத்தை உடனே அடக்கினாலும் நினைவையும் நடையையும் கெடுக்கும், பழக்கமும் ஆகிவிடும். தனியார் மருந்தகத்தில் பழைய துண்டைக் காட்டி அவற்றை வாங்கிக்கொண்டே இருப்பது ஆபத்து. நோன்பு மாதத்தில் மருந்தைக் கைவிடுவோர் பலர். செர்ட்ரலின் போல ஒரு வேளை மருந்தை ஸஹருக்கோ நோன்பு திறந்த பிறகோ மாற்ற முடியும். தூக்கம் கெட்டால் வலிப்பு வரக்கூடியவர் நோன்பு பிடிப்பதா என்பதை வைத்தியரிடமும் மௌலவியிடமும் சேர்த்தே கேட்க வேண்டும்.

கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் ஒரே நகரத்தில் இருக்கின்றன. நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களிலும் ஆதார வைத்தியசாலைகள் உண்டு. கடுமையான தலைக்காயங்கள் சுமார் 40 கிலோமீற்றர் வடக்கேயுள்ள மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ கொழும்புக்கோ அனுப்பப்படும். சுனாமிக்குப் பிறகு 2005இல் வந்த தேசிய உளநலக் கொள்கை, மனநோய் சிகிச்சையை அங்கொடை மனநோய் வைத்தியசாலையிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுவர முயன்றது. உளநல வைத்திய அதிகாரிகள் பிரதேச மட்டத்தில் நியமிக்கப்பட்டதும் அந்த வழியில்தான். இடைவெளி கட்டடத்திலோ மருந்திலோ அதிகம் இல்லை. சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் துண்டு வெட்டும்போது உளநலக் கிளினிக்குக்கு ஒரு திகதி சேர்த்துப் போடப்படாததில்தான் இருக்கிறது. மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் ஒன்பது கேள்விகள் கொண்ட மனச்சோர்வு வினாக்கொத்தை நிரப்ப ஒரு தாதிக்குப் பத்து நிமிடம் போதும். தலைக்காயப்பட்டவரிடம் அது சரியாக வேலைசெய்கிறது என்பது சோதித்து அறியப்பட்டதே.

பார்த்துக்கொள்பவரும் நோயாளியாகலாம். இரவு முழுதும் விழித்து, பகலில் ஏச்சு வாங்கி, தறியிலோ தையல் மெஷினிலோ உழைத்து வீட்டையும் ஓட்டும் மனைவிக்கு மனச்சோர்வு வந்தால் அதை யாரும் நோயாகக் காண்பதில்லை. பொறுமை குறைந்துவிட்டது என்பார்கள். அடிபட்டவர் பெண்ணாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அவர் எழுந்து அடுப்பை மூட்டிய நாளே சுகமான நாளாகக் கணக்கிடப்படுகிறது. கிளினிக்குக்கு இருவருமாகப் போவது நல்லது. டயக்னோசிஸ் கார்ட், ஸ்கேன் அறிக்கை, குடிக்கும் மாத்திரைகளின் பெயர், அடிபட்ட திகதி, மயங்கிக் கிடந்த நேரம், மாற்றம் தொடங்கிய காலம் ஆகியவற்றைக் கொண்டுபோனால் முதல் சந்திப்பு வீணாகாது. போக முடியாத இரவுகளில் தேசிய உளநல உதவி இலக்கமான 1926ஐ அழைக்கலாம். உயிராபத்து என்றால் 1990 அம்புலன்ஸ் வரும்.